அந்தி சாய்ந்ததும் பைனாகுலர் மங்குகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

வேடந்தாங்கலில் மாலை ஐந்தரைக்கு மேல்தான் காட்சி களைகட்டும். இரை தேடப் போன நத்தைகுத்தி நாரைகளும் கூழைக்கடாக்களும் அரிவாள் மூக்கன்களும் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்து மரங்களில் இறங்கும். எல்லாம் அடையும் நேரத்தில் வக்கா மட்டும் இரை தேடக் கிளம்பும். சரியாக அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் நிற்பவர் பைனாகுலரைக் கீழே இறக்கிவிட்டு, "என்னங்க, மத்தியானம் நல்லாத்தானே இருந்துச்சு, இப்ப ஒண்ணுமே தெரியலையே" என்பார்.

எங்கள் பறவை பார்க்கும் குழுவின் பைனாகுலர்கள் ஒன்பது வருடமாக என் பொறுப்பில் இருக்கின்றன. குழுவுடையது பதினான்கு. அதுபோக உறுப்பினர்கள் கொண்டுவந்து கொடுப்பவை. திரும்பத் திரும்ப வருவது அதே ஏழெட்டுக் குறைகள்தான். ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன். உங்கள் பைனாகுலரில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், பணம் கேட்கும் காரணம் கடைசியில் வரும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். மங்கிய வெளிச்சத்துக்கு எந்தத் தொலைநோக்கி நல்லது என்று தேடினால் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி ஐரோப்பிய, அமெரிக்க வேட்டைக்காரர்களுக்காக, அவர்களுடைய துப்பாக்கி ஸ்கோப்புகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. இங்கே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று வேட்டைக்கு இடமில்லை, நமக்குப் பைனாகுலர்தான். லென்ஸின் கணக்கு இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் அந்தி ஒன்றல்ல. ஜூன் மாதம் பெர்லினில் சூரியன் மறைந்த பிறகு நாற்பது நிமிடத்துக்கு மேல் கண்ணுக்கு உதவும் வெளிச்சம் நிற்கும். சென்னையில் இருபது, இருபத்திரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்த இருபது நிமிடத்தை ஏரிக்கரையில் நின்று கோளாறு தேடுவதில் செலவழிக்கக் கூடாது. முந்தைய நாளே மொட்டை மாடியில், அதே நேரத்தில், சோதித்துவிடுங்கள். கடையில் டியூப்லைட் வெளிச்சத்திலும் நடுப்பகலிலும் எல்லாப் பைனாகுலரும் நன்றாகத்தான் தெரியும்.

அறிகுறி 1: பகலில் பளிச், ஆறு மணிக்கு மேல் இருட்டு

அதிகம் வரும் புகார் இது. முதலில் இடது கண்ணை மட்டும் திறந்து பாருங்கள், அப்புறம் வலது கண்ணை மட்டும்.

*ஒரு பக்கம் மட்டும் இருட்டாக இருந்தால்*

பைனாகுலரைத் தலைகீழாகத் திருப்பி, அதாவது மேல்பக்கம் கீழாக வரும்படி பிடித்து, மறுபடி பாருங்கள். இப்போது இருட்டு அடுத்த கண்ணுக்கு மாறிவிட்டால் குறை பைனாகுலரில். அதே கண்ணிலேயே நின்றால் குறை கண்ணில். ஒருவருக்குக் கண்புரை தொடங்கியிருப்பதை எங்கள் குழுவில் இப்படித்தான் கண்டுபிடித்தோம். கண்ணில் என்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலில் கண் மருத்துவரிடம் போங்கள். பைனாகுலரில் என்றால் அறிகுறி 5, 6 இரண்டையும் பாருங்கள். அந்தப் பக்கத்துக் குழாயில் ஈரமோ பூஞ்சையோ இருக்கும்.

*இரண்டு பக்கமும் இருட்டாக இருந்தால்*

கீழே உள்ளதை வரிசையாகச் செய்து வாருங்கள். வரிசையை மாற்ற வேண்டாம்.

முதலில் அழுக்கு. முன் லென்ஸை எல்லோரும் துடைக்கிறார்கள். கண் வைக்கும் பக்கத்து லென்ஸை யாரும் பார்ப்பதில்லை. இமை முடி பட்டுப் பட்டு, அதன் எண்ணெய் மெல்லிய படலமாக அதில்தான் படிகிறது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் தன் 10×42 (பத்து மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன் லென்ஸ்) பைனாகுலரைக் கொண்டுவந்தார். எட்டு வருடம் பயன்படுத்தியது. "இது தேஞ்சுபோச்சு, புதுசு வாங்கிடலாம்னு இருக்கேன்" என்றார். வாங்கி, கண்பக்க லென்ஸைச் சாய்த்து டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது லென்ஸின் நடுவில் முழுக் கட்டைவிரல் ரேகை, வரி வரியாக எண்ணிவிடலாம் போல இருந்தது. இடது லென்ஸில் முழுவதும் புகை மூட்டம் மாதிரி ஒரு படலம். ஐந்து நிமிட வேலை. முதலில் ரப்பர் ஊதுகுழலால் தூசியை ஊதித் தள்ளினேன். மெல்லிய பிரஷால் ஓரங்களைத் தட்டினேன். லென்ஸ் திரவத்தை லென்ஸில் ஊற்றாமல் மைக்ரோஃபைபர் துணியில் இரண்டு சொட்டு விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றித் துடைத்தேன். அன்று சாயங்காலம் அதே பைனாகுலரில் கரண்டிவாயனின் அலகைப் பார்த்துவிட்டு அவர் வெகுநேரம் பேசவில்லை. புதிது வாங்கும் பேச்சு அதோடு நின்றது.

துடைக்கும்போது வேட்டி ஓரம், துப்பட்டா, கைக்குட்டை எதுவும் வேண்டாம். தூசியை ஊதாமல் துடைத்தால் மணலை வைத்து லென்ஸைத் தேய்த்த மாதிரிதான். கோடியக்கரை, பழவேற்காடு போய் வந்தால் லென்ஸில் உப்பு படிந்திருக்கும். அதை உலர்ந்த துணியால் தொடவே கூடாது. காய்ச்சி வடித்த நீரில் நனைத்த துணியை ஒற்றி ஒற்றி உப்பைக் கரைத்து எடுத்துவிட்டு, அப்புறம் துடையுங்கள்.

அடுத்தது உங்கள் கண். இருட்டுக்குப் பழகக் கண்ணுக்கு இருபது முப்பது நிமிடம் வேண்டும். ஃபோனில் ஒரு செய்தியைப் பார்த்த கையோடு அந்தப் பழக்கம் போய்விடும். ஆறு மணியிலிருந்து ஃபோனைப் பையில் வைத்துவிட்டு ஒரு நாள் பார்த்துச் சொல்லுங்கள். குழுவில் புதிதாக வரும் இளைஞர்களுக்கு இது ஒன்றே பாதிக் குறையைத் தீர்த்துவிடுகிறது. புதரின் நிழலில் உட்கார்ந்திருக்கும் பறவையை நேராக உற்றுப் பார்க்காமல் அதன் கொஞ்சம் பக்கவாட்டில் பார்வையை வையுங்கள். மங்கிய வெளிச்சத்தில் ஓரப் பார்வைதான் கூர்மை.

மூன்றாவது, பைனாகுலரில் அச்சிட்ட எண். முன் லென்ஸின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுங்கள். 8×42 என்றால் 42 வகுத்தல் 8, அதாவது 5.25 மி.மீ. கண்பக்க லென்ஸிலிருந்து வெளியே வரும் ஒளிவட்டத்தின் அளவு இது. பைனாகுலரைக் கை நீட்டிப் பிடித்து வானத்தைப் பார்த்தால், கண்பக்க லென்ஸில் இந்த வட்டம் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். பகலில் நம் கண்ணின் பாவை (நடுவில் உள்ள கருந்துளை) இரண்டு மூன்று மி.மீ.தான் திறந்திருக்கும், அதனால் சின்ன வட்டம் போதும், குறை தெரியாது. இருட்ட இருட்டப் பாவை விரியும். இருபது வயதில் 7 மி.மீ. வரை விரியலாம், ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் 5 மி.மீ.யை ஒட்டி நின்றுவிடும். விரிந்த பாவையை நிரப்ப வட்டம் பத்தாவிட்டால் படம் இருட்டாகத்தான் தெரியும். சட்டைப்பையில் வைக்கும் 10×25-இல் வட்டம் 2.5 மி.மீ. தெருவோரத்திலும் பொருட்காட்சியிலும் விற்கும் 20×50-இலும் அதே 2.5 மி.மீ.தான். இவற்றை எவ்வளவு துடைத்தாலும் அந்தியில் பயனில்லை. பழுது இல்லை, கணக்கே அவ்வளவுதான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. விளம்பரங்களில் 'ட்விலைட் ஃபேக்டர்' என்று ஓர் எண் போடுவார்கள். பெருக்கத்தையும் விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தது அது. 8×42-க்கு 18.3. 20×50-க்கு 31.6. இந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் இருட்டுக்கு மிக மோசமான ஒன்றை மிக நல்லது என்று நினைத்து வாங்கிவிடுவீர்கள். ஒளிவட்டம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும் இரண்டை ஒப்பிட மட்டும் அந்த எண் உதவும்.

நான்காவது, அச்சிட்ட எண் பொய்யாக இருப்பது. விலை குறைந்தவற்றில் இது அடிக்கடி வருகிறது. பைனாகுலரைத் தொலைதூரத்துக்கு ஃபோகஸ் செய்து மேசையில் வையுங்கள். கண்பக்கமாக ஐந்தாறு அடி தள்ளி, ஃபோன் டார்ச்சை நேராக அடியுங்கள். முன் லென்ஸை ஒட்டி ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்தால் அதில் ஒளிவட்டம் விழும். ஸ்கேல் வைத்து அளங்கள். 50 என்று அச்சிட்டிருந்த ஒன்றில் நான் அளந்தது 38 மி.மீ. உள்ளே ஒரு வளையம் வைத்து ஓரத்தை மறைத்திருந்தார்கள். இதற்குப் பரிகாரம் கிடையாது. திருப்பிக் கொடுக்க அவகாசம் இருந்தால் கொடுத்துவிடுங்கள்.

ஐந்தாவது, லென்ஸில் எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சும், உள்ளே படத்தை நிமிர்த்தும் ப்ரிஸமும். முன் லென்ஸைச் சாய்த்து டியூப்லைட்டின் பிம்பங்களைப் பாருங்கள். பச்சை, ஊதா நிறத்தில் மங்கலாகத் தெரிந்தால் நல்ல பூச்சு. பளீரென்று வெள்ளையாகத் தெரிந்தால் அந்தப் பரப்பில் பூச்சில்லை. பூச்சில்லாத ஒவ்வொரு பரப்பும் நான்கு சதவீத ஒளிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும், உள்ளே அப்படிப் பல பரப்புகள் இருக்கின்றன. முன் லென்ஸ் மாணிக்கச் சிவப்பாக மின்னும் 'ரூபி' வகையைத் தயவுசெய்து வாங்காதீர்கள். சிவப்பு ஒளியை எல்லாம் வெளியே தள்ளிவிட்டு, அந்தியில் பச்சையும் நீலமுமாக ஒரு மங்கல் படத்தைக் காட்டும். அடுத்து, கை நீட்டிப் பார்க்கும்போது கண்பக்க ஒளிவட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சாம்பல் நிறச் சதுரம் போல் தெரிந்தால் ப்ரிஸம் மட்டமான கண்ணாடி. இதையும் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

கையில் பணம் குறைவாக இருந்தால் ஒன்று சொல்வேன். குழாய் நேராக இருக்கும் 'ரூஃப்' வகையைவிட, தோள் புடைத்த பழைய 'போரோ' வகை அதே விலைக்கு அதிக வெளிச்சம் தரும். பெரும்பாலான ரூஃப் ப்ரிஸத்தில் ஒரு பக்கத்துக்கு முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற பூச்சு போட்டாக வேண்டும், மலிவான பூச்சு ஒளியை விழுங்கும். போரோவுக்கு அந்தச் செலவே இல்லை.

*இதற்குமேலும் இருட்டு என்றால்*

பக்கத்தில் உங்கள் வயதை ஒத்த ஒருவரிடம் அதே பைனாகுலரைக் கொடுங்கள். அவருக்கு நன்றாகத் தெரிந்து உங்களுக்குத் தெரியவில்லை என்றால், பைனாகுலர் இல்லாமலேயே சாயங்காலத்தில் படிக்கட்டு தடுமாறுகிறதா, வண்டி ஓட்டச் சிரமமா என்று யோசியுங்கள். மாலைக்கண் என்று நம் பாட்டிகள் சொன்னதற்கு வைட்டமின் ஏ குறைவும் காரணமாகலாம், விழித்திரை நோயும் காரணமாகலாம். கண் மருத்துவர்தான் சொல்ல முடியும். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அறிகுறி 2: இருட்டு இல்லை, ஆனால் பால் ஊற்றியது போல் வெளுத்துத் தெரிகிறது

மேற்குப் பக்கம் பார்த்து நிற்கும்போதுதான் இது வரும். முதலில் இடத்தை மாற்றுங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் அல்லது தோளுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். மாற்ற முடியாவிட்டால் உள்ளங்கையை முன் லென்ஸுக்கு மேல் கூரை மாதிரி பிடியுங்கள். வெளுப்பு போய்விட்டால் பக்கவாட்டு ஒளி உள்ளே புகுந்ததுதான் காரணம். கறுப்புச் சார்ட் தாளை இரண்டு அங்குலக் குழாயாகச் சுருட்டி முன்னால் மாட்டிக்கொண்டால் போதும், நான் அதைத்தான் செய்கிறேன்.

கை பிடித்தும் போகவில்லை என்றால் முன் லென்ஸில் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லை என்றால் முன்பக்கத்திலிருந்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். மூடுபனி போல் சாம்பல் படலம் தெரிந்தால், உள்ளே இருக்கும் கிரீஸ் வெயிலில் உருகி ஆவியாகி லென்ஸில் படிந்திருக்கிறது. காருக்குள் வெயிலில் விட்டுப் போகிறவர்களின் பைனாகுலரில் இதைப் பார்க்கிறேன். இது கழற்றித் துடைக்கும் வேலை. கடைக்குத்தான்.

சூரியன் முழுதாக மறையும்வரை பைனாகுலரை அதன் பக்கம் திருப்பவே கூடாது. சிவந்து சாய்ந்த சூரியன்தானே என்று குழந்தைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள். ஒரு நொடியில் விழித்திரை நிரந்தரமாகக் கெடலாம்.

அறிகுறி 3: பிறை மாதிரி கறுப்பு நிழல் வந்து வந்து போகிறது

பெரும்பாலும் கண் வைக்கும் தூரம்தான். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்பக்க ரப்பர் வளையத்தை முழுக்க உள்ளே திருகிவிட வேண்டும், போடாதவர்கள் முழுக்க வெளியே. அப்புறம் நடுக் கீலை மடக்கி விரித்து இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகச் சேரும் இடத்தில் நிறுத்துங்கள். அந்தியில் பாவை விரிந்திருக்கும்போது இந்த அளவு கொஞ்சம் தவறினாலும் ஒளியில் ஒரு பகுதி வீணாகும். குழுவின் பைனாகுலரைப் பலர் கைமாற்றிப் பார்ப்பதால், ஒவ்வொருவரும் கீலைத் தனக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளச் சொல்வது என் வழக்கம்.

மூக்குக்கண்ணாடியோடு வளையத்தை உள்ளே திருகியும் படத்தின் ஓரம் தெரியவில்லை என்றால் அந்த மாடலின் கண் தூரம் (முழுப் படமும் தெரியக் கண்பக்க லென்ஸிலிருந்து கண் இருக்க வேண்டிய தூரம்) குறைவு. 15 மி.மீ.க்குக் குறையாமல் இருப்பதாகப் பார்த்து மாற்றுவதுதான் வழி. கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் உள்ளவர்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸ் சக்கரத்தாலேயே சரிசெய்துகொள்ளலாம். சிலிண்டர் பவர் கணிசமாக உள்ளவர்களுக்கு அது நடக்காது.

அறிகுறி 4: இரண்டு இரண்டாகத் தெரிகிறது, அல்லது பத்து நிமிடத்தில் தலைவலி

முதலில் டயாப்டரை, அதாவது இரண்டு கண்ணின் பவர் வித்தியாசத்தை ஈடுகட்டும் வளையத்தை, சரிசெய்யுங்கள். வலது முன் லென்ஸைக் கையால் மூடி, இடது கண்ணால் ஒரு மின்கம்பத்தைப் பார்த்து நடுச் சக்கரத்தால் கூர்மையாக்குங்கள். பிறகு இடதை மூடி, அதே கம்பத்தை வலது கண்ணால் பார்த்து, கண்பக்கத்து டயாப்டர் வளையத்தை மட்டும் திருகுங்கள். நடுச் சக்கரத்தைத் தொடக் கூடாது. தலைவலியில் பெரும்பகுதி இதோடு போய்விடும். வளையத்தின் அந்த இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள், பையில் உரசித் தானாக நகரும்.

போகவில்லை என்றால் ஒரு குழாய் கோணலாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடியே ஐந்து நொடி கண்ணை மூடித் திறங்கள். திறந்த நொடியில் இரண்டாகத் தெரிந்து, அப்புறம் இழுத்துக்கொண்டு ஒன்றாகச் சேர்ந்தால் லேசான கோணல். கண் தன் தசையை இழுத்து அதை மறைக்கிறது, அந்த இழுப்புதான் தலைவலி. இன்னொரு வழி: தூரத்து மின்கம்பியையோ மாடிச் சுவரின் விளிம்பையோ பார்த்தபடி, பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெதுவாக ஒரு சாண் முன்னால் நகர்த்துங்கள். இரண்டு வட்டத்திலும் கம்பி ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்றால் சந்தேகமே இல்லை. பக்கவாட்டுக் கோணலைக் கண் ஓரளவு பொறுத்துக்கொள்ளும், மேல்கீழ்க் கோணலைப் பொறுக்காது.

கீழே விழுந்த பைனாகுலர் எல்லாம் கடைசியில் இந்த வரிசையில்தான் வந்து நிற்கும். ரப்பர் உறையைப் பிரித்தால் சின்னத் திருகாணிகள் தெரியும், வீடியோ பார்த்து அவற்றைத் திருகலாம் என்று தோன்றும். வேண்டாம். அப்படிச் சரிசெய்தால் உங்கள் கண் அகலத்துக்கு மட்டும் சரியாக வரும். கீலைக் கொஞ்சம் நகர்த்தினால் மறுபடி கோணல். நானே ஒன்றை அப்படிக் கெடுத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். கேமரா சர்வீஸ் கடையில் கொடுக்கும்போது "கொலிமேட்டர் இருக்கா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். இரண்டு குழாயும் ஒரே திசையைப் பார்க்கிறதா என்று சோதிக்கும் அந்தக் கருவி இல்லாத கடையில் கொடுக்க வேண்டாம். செலவு பைனாகுலரின் விலையில் பாதியைத் தாண்டினால் புதிது வாங்குவதே மேல்.

அறிகுறி 5: லென்ஸில் பனி மூடிக்கொள்கிறது

விரலால் லேசாகத் தொட்டுப் பார்க்காதீர்கள், துணியின் நுனியால் ஓரத்தில் ஒற்றிப் பாருங்கள்.

*ஒற்றியதும் போனால்* அது வெளிப்பனி. ஏசி காரிலிருந்து நேராக இறங்கிப் பைனாகுலரை எடுத்தால் நம் ஊர்ப் புழுக்கத்துக்குக் குளிர்ந்த லென்ஸ் உடனே வியர்க்கும். இறங்கும் இடத்துக்குக் கால் மணி நேரம் முன்பே ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிடுங்கள், அல்லது பைனாகுலர் பையை மூடியபடியே டிக்கியில் வையுங்கள். வேடந்தாங்கல் பயணத்தில் செங்கல்பட்டு தாண்டியதும் ஏசி நிறுத்துவது எங்கள் குழுவின் விதி.

*ஒற்றியும் போகாவிட்டால்* உள்ளே ஈரம் புகுந்துவிட்டது. வெயிலில் வைக்காதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு ஒரு வாரம் வையுங்கள். போய்விட்டு, மறுபடி வந்தால் சீல் போயிருக்கிறது. நைட்ரஜன் அடைத்த வகை என்றால் தயாரித்த நிறுவனத்தின் சர்வீஸுக்குத்தான் அனுப்ப வேண்டும். உத்தரவாத அட்டையைத் தேடி எடுங்கள். ஈரத்தை அப்படியே விட்டால் அடுத்த தலைப்புக்கு வந்துவிடுவீர்கள்.

அறிகுறி 6: உள்ளே சிலந்தி நூல் மாதிரி, அல்லது வெண்புள்ளிகள்

பூஞ்சை. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் நல்ல பைனாகுலர்களைக் கொல்வது இதுதான்.

இருட்டறையில் முன் லென்ஸ் வழியாக டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் தெரியாது. ஊட்டியில் இருந்த தன் அப்பாவின் பைனாகுலர் என்று ஓர் அம்மா கொண்டுவந்தார். அழகான தோல் உறை, உள்ளே சிவப்பு வெல்வெட். அந்த உறையில் பத்து வருடம் அலமாரிக்குள் இருந்திருக்கிறது. டார்ச் அடித்தேன். இடது குழாயில் லென்ஸின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஆலம் விழுது போல, கிளை கிளையாக வெள்ளை இழைகள். வலது குழாயில் நாலைந்து புள்ளிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் மெல்லிய வலை. பகலில் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அந்தியில் அதே பைனாகுலர், எதிரே நிற்கும் மரம் வேப்பமரமா புங்கமரமா என்றுகூடச் சொல்லவில்லை. தோலும் வெல்வெட்டும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பூஞ்சைக்குச் சோறு போட்டிருக்கின்றன.

*வெளிப்பரப்பில் மட்டும் என்றால்* லென்ஸ் திரவத்தால் துடைத்தால் போகும். துடைத்த துணியை அப்படியே குப்பையில் போடுங்கள்.

*உள்ளே சில புள்ளிகள் என்றால்* உடனே கடைக்குக் கொடுங்கள். சீக்கிரம் கொடுத்தால் சுத்தம் செய்துவிடலாம்.

*இழை பரவிவிட்டால்* அது விடும் அமிலம் பூச்சை அரித்திருக்கும். துடைத்த பிறகும் கோலத்தின் தடம் போல் நிற்கும். அந்த அம்மாவின் வலது குழாய் பிழைத்தது, இடது பாதிதான் தேறியது. விற்கும் பொருளாக இருந்தால் செலவு செய்யாதீர்கள் என்றிருப்பேன். அப்பாவுடையது என்பதால் செய்தோம்.

வராமல் தடுப்பது சுலபம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்திலும், மலையில் வசிப்பவர்கள் வருடம் முழுக்கவும், பைனாகுலரை உறையிலிருந்து எடுத்து, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நூறு ரூபாய்க்குச் சின்ன ஈரப்பதமானி கிடைத்தால் டப்பாவுக்குள் போடுங்கள். 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். நிறம் மாறிய ஜெல்லைச் சமைக்கப் பயன்படுத்தாத பழைய சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி பழைய நிறத்துக்கு வரும். அரிசிக்குள் புதைத்து வைப்பது வேண்டாம். ஈரம் எடுப்பதைவிட மாவுத்தூசிதான் அதிகம் உள்ளே போகும். பூஞ்சை பிடித்ததை மற்றவற்றோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள்.

அறிகுறி 7: வெளிச்சம் போதும், ஆனால் விவரம் தெரியவில்லை

கை நடுக்கம். இருட்டில் கண்ணுக்கு விவரம் சேகரிக்க அதிக நேரம் வேண்டும், படம் ஆடினால் சேராது. முழங்கைகளை விலாவோடு ஒட்டி, கம்பி வேலியிலோ மரத்திலோ சாய்ந்து பாருங்கள். தெளிந்துவிட்டால் அதுதான் காரணம். ஒற்றைக்கால் தாங்கி ஒன்று வாங்கினால், அதிக விலைப் பைனாகுலருக்குப் போவதைவிட நல்ல பலன் தரும். 10-க்கு மேல் பெருக்கத்தைக் கையில் பிடித்து அந்தியில் பார்க்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

சாய்ந்தும் தெளியவில்லை என்றால் ஃபோகஸை மறுபடி தொடுங்கள். பகலில் வைத்த இடம் அந்திக்குப் பொருந்தாது, பலருக்கு இருட்டும்போது கண் கொஞ்சம் கிட்டப்பார்வைப் பக்கம் சாயும்.

இரவுப் பறவையான பக்கியோ ஆந்தையோ தெரியவில்லை என்று டார்ச் அடிப்பதுமட்டும் வேண்டாம். வெளிச்சம் பட்ட ஆந்தைக்கு அந்த இரவின் இரையே தவறிப்போகலாம். தெரியாவிட்டால் காதால் கேளுங்கள்.

இரண்டு பைனாகுலர் கையில், எதை எடுப்பது என்று தெரியவில்லை

இது அறிகுறி இல்லை, ஆனாலும் மேலே உள்ளதைப் படித்துவிட்டு மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானவர்கள் அடுத்துக் கேட்பது இதுதான். இரண்டையும் இரவல் வாங்குங்கள், ஒரே மாலையில் ஒரே இடத்தில் பாருங்கள். ஒருநாள் ஒன்று, மறுநாள் இன்னொன்று என்று பார்த்தால் மேகம் ஏமாற்றிவிடும்.

மாடியிலிருந்து ஐம்பது அறுபது அடி தள்ளி இரண்டு பொருள் வையுங்கள். ஒன்று, தினசரிக் காலண்டர் அட்டை, வெட்ட வெளியில். இன்னொன்று, ஒரு மண்குடம், செடியின் நிழலுக்குள். சூரியன் மறைந்ததும் தொடங்கி நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பாருங்கள். அட்டையில் தேதி மறையும் நேரத்தையும், குடம் நிழலோடு கலந்துபோகும் நேரத்தையும் ஒவ்வொன்றுக்கும் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தை வாசிப்பதில் 10×42 முந்தலாம். நிழலுக்குள் இருப்பதைக் கண்டுபிடிப்பதில் 8×42 முந்தும். நீங்கள் ஏரியில் வெட்டவெளிப் பறவை பார்க்கிறவரா, காட்டோரத்தில் புதருக்குள் தேடுகிறவரா என்பதைப் பொறுத்து எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் 8×42 என்பேன்.

ஜெர்மனியில் காட்டுப்பன்றிக்காக மேடையில் இரவு முழுக்கக் காத்திருக்கும் வேட்டைக்காரர்கள் 8×56 வைத்திருப்பார்கள். வட்டம் 7 மி.மீ. அதைப் படித்துவிட்டு என் மாமனார் அப்படி ஒன்றை இரவல் வாங்கிவந்தார். அவருக்கு அறுபத்திரண்டு வயது. மாடியில் மூன்று மாலை சோதித்தோம். என் மகளுக்குப் பதினேழு. 8×56-இல் குடம் அவளுக்கு 8×42-ஐவிட நான்கு நிமிடம் கூடுதலாகத் தெரிந்தது. மாமனாருக்கு இரண்டிலும் ஒரே நேரத்தில் மறைந்தது, மூன்று நாளும். கழுத்தில் ஒரு கிலோவுக்கு மேல் தொங்குவதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, 8×42-ஐ எடுத்துக்கொண்டார்.